மூன்றாம் நாள் ஆட்டம்

தம்பி,

பக்கத்து அறையில் நீ பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாய். பித்தளைக் குடத்தை எடுத்துப் போவதா, விட்டுப் போவதா என்று மரகதம் உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இடையில் ஒரே ஒரு சுவர். எழுந்து வந்து சொல்லிவிட்டால் முடிந்துபோகிற விஷயத்துக்கு நான் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். 'எங்கப்பா காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல இருநூறு பேருக்கு முன்னால சத்தம் போடுவாரு, பெத்த மகன்கிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வராது' என்று கல்யாணமான புதிதில் நீ மரகதத்திடம் சொல்லிச் சிரித்தாயாம். அவளே வந்து என்னிடம் சொல்லிவிட்டாள். மருமகள் தங்கமானவள், ரகசியம் மட்டும் அவளிடம் தங்காது. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் திறந்தபடியே கொடுக்கிறேன். அவளும் படிக்கட்டும், டிக்கோயாவில் இருக்கும் உன் அக்காவும் படிக்கட்டும். மறைத்து வைத்தது போதும் என்றுதானே எழுதவே உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹட்டனில் ரயில் ஏறுகிறாய். மறுநாள் தலைமன்னாரில் கப்பல், அதற்குப் பிறகு திருச்சிப் பக்கம் ஒரு மில்லில் வேலை. பிரஜாவுரிமை கிடைக்காதவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் தாள்களில் நீ ஊருக்குத் திரும்புவதாக எழுதியிருக்கிறது. ஒரு தடவைகூடப் பார்க்காத ஊருக்கு ஒருவன் எப்படித் திரும்புவான் என்று எனக்கு விளங்கவே இல்லை. என் அப்பா அங்கிருந்து வந்தவர், அதுவும் பதினாலு வயதில். நான் பிறந்தது இந்த மலையில். நீ பிறந்தது இந்த வீட்டுக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள் இருக்கும் லயத்தில், மூன்றாவது காம்பிராவில். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, முழங்கால் இரண்டும் மழைக்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்கின்றன. இனி உன்னை ஒரு தடவையாவது பார்ப்பேனா என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நீ இன்னும் போகவில்லை, கயிறு இழுக்கிற சத்தம் கேட்கிறது, அதற்குள்ளேயே நெஞ்சு உன்னைத் தேடுகிறது. போகிறவனை நிறுத்த இதை எழுதவில்லை. நீ ஒரு தப்பான எண்ணத்தைச் சுமந்துகொண்டு கப்பல் ஏறப் போகிறாய். அதை இறக்கி வைக்க வேண்டியவன் நான்.

அந்த எண்ணம் எது என்று உனக்கே தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் சமயத்தில் நடந்த கூடைப்பந்து ஆட்டங்களை வைத்து நீ உன்னைப்பற்றி ஒரு முடிவுக்கு வந்தாய். உனக்கு விளையாட்டு வராது என்று.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் நீ கூடைப்பந்து ஆடத் தொடங்கியபோது நம் வீட்டில் யாருக்கும் அது என்ன விளையாட்டு என்று தெரியாது. 'அடியே இல்லாத கூடையில போட்டா எந்தக் காலத்துல நெறையுறது?' என்று உன் அம்மா கேட்டாள். நீ அரைமணி நேரம் விளக்கம் சொன்னாய். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, 'சரி, பசிக்குதா?' என்றாள். நான் மட்டும் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, மைதானத்துச் சுவர் ஓரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பேன். மற்றப் பையன்கள் உயரமாக இருந்தார்கள். நீ குட்டை. அதனால் உன்னைக் கார்டு ஆக்கினார்கள். பந்தை நம் பக்கத்திலிருந்து தரையில் தட்டிக்கொண்டே எதிரி பக்கம் கொண்டுபோய், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவன் கார்டு. முதலில் எனக்கு அது கீழ்வேலை மாதிரிப் பட்டது. இரண்டு வருடம் பார்த்த பிறகுதான், மற்ற நாலு பேரும் கை, நீ கண் என்று புரிந்தது.

ஆளை எடை போடுவது என் தொழில், அது உனக்குத் தெரியும். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாக, கொழுந்து பறிக்கிறவர்களிடம் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை வேலை பார்க்கிறேன். புதிதாக மலைக்கு வருகிற பெண் நல்ல கொழுந்துக்காரியாக வருவாளா என்று நான் சொன்னால் பெரிய கிளாக்கரே ஒத்துக்கொள்வார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிவிடுவது சுலபம். சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து மண்டிக் கிடக்கும்போது எல்லோரும் கெட்டிக்காரிகள்தான், எல்லோர் கூடையும் நிறையும். அந்த மாதத்து எடையை வைத்து ஒருத்தியைப் புகழ்ந்தால் ஆடி மாதத்தில் தலைகுனிய வேண்டும். நான் கூடையைப் பார்க்கவே மாட்டேன். அவள் தன் செடி வரிசையான நிரையை முடித்துப் போனபின் அவளுக்குப் பின்னால் நடந்து செடியைப் பார்ப்பேன். பிய்த்துப் போட்டிருக்கிறாளா, அடுத்த பறிப்பு வட்டத்துக்கு விட வேண்டியதை விட்டிருக்கிறாளா என்று பார்ப்பேன். அதில் நான் தவறியதில்லை. அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.

இன்னொரு கர்வமும் உண்டு. நான் கணக்கப்பிள்ளையாகி இரண்டே மாதம், உன் அம்மா அப்போது இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வெயில் மாதத்தில் அவளுடைய கொழுந்து ஒரு றாத்தல் குறைந்தது. குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள்தான் வேலை செய்ததாகப் பதிவு. கண்ணை மூடிக்கொண்டு முழுப்பேர் போட்டிருக்கலாம், மற்றக் கணக்கப்பிள்ளைமார் அப்படித்தான் செய்தார்கள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி அவள் பெயரைச் சொல்லி, 'அரை' என்றேன். அப்போது உன் அக்கா அவள் வயிற்றில் மூன்று மாதம். மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, 'சாப்புடுறவங்க சாப்புடலாம்' என்பாள். ஆனால் தோட்டம் முழுக்க, 'சொந்தச் சம்சாரத்துக்கே அரைப்பேர் போட்ட மனுசன்யா' என்று பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அந்த இனிப்பை விடாமல் இருபத்தைந்து வருடம் காப்பாற்றி வந்தேன்.

சரி, நுவரெலியாவுக்கு வருகிறேன். சீசனுக்குக் கொழும்பிலிருந்து கம்பனிக்காரர்கள் குளிர் தேடி வருவதும், வந்த இடத்தில் உள்ளூர்ப் பையன்களோடு பந்து ஆடுவதும் வழக்கம்தானே. அந்த வருடம் ஒரு கம்பனி மாத்தயா, சிங்களப் பெரிய மனிதர், ஆட்டக்காரர்களைப் பார்த்து எடுக்க வந்திருந்தார். அவர்கள் கம்பனிக்குச் சொந்தமாகக் கூடைப்பந்துக் குழு இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்குக் கம்பனியில் கிளாக் வேலை, தங்க இடம், மாலையில் பயிற்சி. அதுதான் நம் பக்கத்துப் பையன்களுக்குத் தெரிந்த ஒரே வழி, பந்தைத் தட்டிக்கொண்டே மலையை விட்டு இறங்குகிற வழி. மூன்று நாளில் மூன்று ஆட்டம். நான் தோட்டத் துரையிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுத்து வந்தேன். உன் அப்பன் முப்பது வருடத்தில் எடுத்த ஒரே பொய் லீவு அதுதான்.

முதல் நாள் உனக்கு எதிரில் நின்றவர்கள் நேற்றைய விருந்து இன்னும் செரிக்காத ஆட்கள். நீ இருபத்திரண்டு புள்ளி போட்டாய். சனம் கைதட்டியது. நான் தட்டவில்லை, அது மண்டிக் கிடந்த கொழுந்து. இரண்டாம் நாள் கம்பனிக் குழுவே இறங்கியது. மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டியவுடன் இரண்டு பேர் உன்மேல் பாய்ந்தார்கள். உன் இடது பக்கம் பலவீனம் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து உன்னை இடது பக்கமாகவே தள்ளினார்கள். நீ பந்தைப் பார்த்துக்கொண்டு தட்டினாய், ஆளைப் பார்க்கவில்லை. ஆறு தடவை பந்தைப் பறிகொடுத்தாய். அன்று மாலை நீ தங்கியிருந்த அறைக்கு நான் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாய். 'எந்திரிச்சு சாப்புடு' என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல வேறு எவ்வளவோ இருந்தது.

மூன்றாம் நாள் மழைத் தூறல். மற்றொரு கம்பனிக் குழு, அவர்களும் உன் முந்தைய நாள் கதையைக் கேட்டு வந்தவர்கள் மாதிரி இரண்டு பேரை உன்மேல் விட்டார்கள். நீ அன்று என்ன செய்தாய் என்று உனக்கே ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒவ்வொரு அடியும் ஞாபகம் இருக்கிறது. நீ இடது பக்கம் போகவில்லை. ஓடவும் இல்லை. நடுவில் நின்று, அந்த இரண்டு பேரும் உன்னிடம் வந்து சேரும்வரை காத்திருந்தாய். இரண்டு பேர் உன்னிடம் இருந்தால் வேறு எங்கோ ஒருவன் தனியாக நிற்க வேண்டும் அல்லவா? அவர்கள் கை நீளுகிற கணத்தில் பந்து உன்னிடம் இல்லை, உங்கள் குழுவில் இருந்த ராகலைப் பையன் பியசேனவிடம் இருந்தது. அந்த நெட்டையனுக்குப் பந்து கொடுத்தால் பிடிக்கத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று ஒன்பது தடவை கூடையில் போட்டான். ஒன்பதும் உன் கையிலிருந்து போனது. நான் விரல் விட்டு எண்ணினேன், பத்தாவது விரல் மடிக்குமுன் விசில் ஊதிவிட்டார்கள். நீங்கள் ஜெயித்தீர்கள். நீ போட்டது இரண்டே புள்ளி. போட்டவன் பெயர்தான் நோட்டில் ஏறும், கொடுத்தவன் பெயருக்கு அதில் இடம் இல்லை.

ஒரே இரவில் கற்றுக்கொண்டு வந்திருந்தாய், தம்பி. நானும் ஆள் பார்க்கிறவன்தான், முப்பது வருடத்தில் மூன்று நான்கு பேரிடம்தான் அதைப் பார்த்திருக்கிறேன். தடுமாறின மறுநாளே தடுமாறின இடத்தில் வந்து நிமிர்ந்து நிற்பது. குடைக்குள் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஒருவர், 'என்னங்க, மூக்கு ஒழுகுதா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இனித்தான் நான் சொல்ல வேண்டியது வருகிறது. அந்தக் கம்பனி மாத்தயா மூன்றாம் நாள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நண்பர்களோடு குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டார். உனக்கு அது தெரியாது, நீ அவர் அங்கே இருப்பதாக நினைத்தே ஆடினாய். ஆட்டம் முடிந்து நீங்கள் எல்லோரும் உடை மாற்றப் போனபோது அவர் திரும்பி வந்து என்னிடம் நேராக வந்தார். சிங்களத்தில் பேசினார், நானும் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன். 'நீங்கள் பையனுடைய அப்பா. நாலு வருடம் பார்த்திருக்கிறீர்கள், நான் இரண்டு நாள் பார்த்தேன். முதல் நாள் நன்றாக இருந்தான், இரண்டாம் நாள் உடைந்துபோனான். இன்றைக்கு எப்படி?' என்று கேட்டார்.

'ரெண்டு புள்ளி, மாத்தயா' என்றேன்.

அது பொய்யில்லை. நோட்டைப் புரட்டினால் அப்படித்தான் இருக்கும். அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. அவர் மறுபடியும், 'இன்றைக்கும் தடுமாறினானா?' என்று கேட்டார். அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், 'இடது கை இன்னும் தேறணும், ஒரு வருஷம் போகட்டும்' என்றேன். 'அப்பாவே இப்படிச் சொல்கிறபோது நான் என்ன சொல்ல?' என்றார். பிறகு, எனக்காக இரக்கப்பட்டதுபோல் குரலைத் தாழ்த்தி, 'இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு நீங்கள் போட்ட மனு இன்னும் முடிவாகவில்லை அல்லவா? முடிவாகாமல் இருக்கிறவரைக்கும் நான் எப்படியாவது சேர்த்துக்கொள்வேன். அடுத்த வருடம் என்ன ஆகுமோ' என்றார். அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பஸ்ஸில் தலவாக்கலை வருவதற்குள் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். விழித்ததும், 'ஏதாச்சும் சொன்னாராப்பா?' என்று கேட்டாய். 'அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு' என்றேன். என் வார்த்தையை அவர் வாயில் போட்டேன்.

அடுத்த ஏப்ரல் வருவதற்குள் நம் மனு நிராகரிக்கப்பட்டதாகத் தாள் வந்தது. அந்த வருடம் வேறு ஒருவர் வந்தார், ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். நீ சப்பாத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அதோடு தொழிற்சாலையில் எடை எழுதப் போனாய். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ என்ன சொன்னாய் தெரியுமா? 'பத்திரம் கெடக்குதுப்பா. எனக்கு ஆட்டம் வராதுன்னு போன வருஷமே அந்த மாத்தயாவுக்குத் தெரிஞ்சிருச்சு. நாலு வருஷமா எனக்குத் தெரியாதத மூணு நாள்ல கண்டுபுடிச்சிட்டாரு, பாருங்க. பெரிய மனுசந்தான்.' கோபமே இல்லாமல், மரியாதையாகச் சொன்னாய். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டே இருந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று அந்தப் பெரிய மனிதர் நினைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். சொந்தச் சம்சாரத்துக்கே அரைப்பேர் போட்டவன் மகனுக்கு மட்டும் முழுப்பேர் போடுவதா என்ற அந்த வீம்பு. வருடக்கணக்காக எனக்கு நானே இந்தக் காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டேன். கேட்க நேர்மையாக இருக்கும். ஆனால் அது பாதிதான், மீதியை இப்போது சொல்கிறேன். நீ போய்விடுவாய் என்று பயந்தேன். அக்கா கட்டிக்கொண்டு போய்விட்டாள், நீயும் கொழும்புக்குப் போய்விட்டால் சாயங்காலம் யாருடைய சப்பாத்துச் சத்தத்துக்குக் காது கொடுத்து இருப்பேன்? ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் கூட வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொழும்பு என்றால் மாதம் ஒரு தடவை ரயிலில் வந்து போயிருப்பாய். அந்த ஒரு வருட ஆசையால் இப்போது உன்னைக் கடலுக்கு அப்பால் அனுப்புகிறேன்.

போன வாரம்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். உன் வழிக்காக மிளகாய்த் தூள் சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கீழே வைத்தாள். 'எனக்குப் போட்ட அரைப்பேர எப்பவோ மறந்துட்டேங்க. இத மறக்க மாட்டேன்' என்றாள். சல்லடையை மறுபடி எடுத்துக்கொண்டே, 'புள்ளகிட்ட சொல்லாம அனுப்பிராதீங்க. வாய் வரலேன்னா எழுதுங்க, எழுதத் தெரிஞ்ச மனுசந்தானே' என்றாள். எழுதிவிட்டேன்.

பெற்றவன் என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாயில்லை. இருந்தாலும் இரண்டு வார்த்தை. போகிற இடத்தில் மில்லுக்குப் பக்கத்தில் கூடைப்பந்து ஆடுகிற மைதானம் இருந்தால், ஒரு மாலை போய் நில். உனக்கு இருபத்துநாலு வயது, இன்னும் காலம் இருக்கிறது. யாராவது உன்னை இரண்டு நாள் பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள், நம்பிவிடாதே. நாளைக்கு உன் பிள்ளையைப்பற்றி யாராவது உன்னிடம் கேட்டால், ஊர் சிரித்தாலும் பரவாயில்லை, பார்த்ததை எல்லாம் சொல். உன் ஆட்டத்தை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. உன்னை முழுக்கப் பார்த்து அளந்தவர் எவரும் உன்னிடம் குறை காணவில்லை. குறைத்துச் சொன்னவன் நான்.

தலைமன்னார் வரைக்கும் கூட வருவதாக உன்னிடம் சொல்லியிருந்தேன். டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. ஆனால் இதைப் படித்த பிறகு அவ்வளவு தூரம் என் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு போக உனக்கு முடியுமோ முடியாதோ, அதை நான் உனக்காக முடிவு செய்ய மாட்டேன். ஒரு தடவை உனக்காக முடிவு செய்தது போதும். செவ்வாய்க்கிழமை ஹட்டன் ஸ்டேஷனில் நீங்கள் ஏறின ரயில் பெட்டியின் வாசலுக்குக் கீழே நிற்பேன். 'ஏறுங்கப்பா' என்று நீ சொன்னால் ஏறுகிறேன். நீ சொல்லாவிட்டால், அங்கேயே நின்று கையைக் காட்டுகிறேன்.